ஏழாவது சாவு

குராமோச்சி அதுவரை ஆறு முறை செத்திருந்தார். ஒருமுறை எரிமலையில், ஒருமுறை கடலில், மற்றபடி தெருவில். ஆறு முறையும் கொன்றது முகரோன் என்ற ராட்சத மிருகம். முகரோன் என்ன பெரிய முகரோன், வெறும் ரப்பர்த் தோல்! உள்ளே இருப்பவன் தோகாஷி. அவனை நினைத்தாலே குராமோச்சிக்கு வயிறு எரியும்.

டோக்கியோவின் மேற்கே ஒரு சினிமா ஸ்டூடியோவில் ராட்சத உடைக்குள் புகுந்து சண்டை போடுவது இருவருக்கும் தொழில். ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அன்று முகரோன் உடை தோகாஷியின் தோளுக்குப் பொருந்தியது, அவ்வளவுதான். அதற்காக ஆயுசுக்கும் அவன் நாயகன், இவர் படத்துக்குப் படம் புதுப் பெயரில் வில்லன்! முகரோனுக்குக் குழந்தைகளின் கடிதங்கள் மூட்டையாக வரும். வில்லனுக்கு வந்தது ஒன்றே ஒன்று. 'சீக்கிரம் செத்துப் போ' என்று எழுதியிருந்தது.

எல்லாவற்றையும்விட அவரைக் குடைந்தது அந்த ஜிப். முதுகு ஜிப்பை உள்ளே இருப்பவனால் திறக்க முடியாது. 'கட்' சொன்னதும் ஓடி வருகிறவர்கள் முதலில் முகரோனைத்தான் திறப்பார்கள். வில்லன் அதுவரை வெந்துகொண்டு கிடக்க வேண்டும். ஏன், வில்லனுக்கு மூக்கு கிடையாதா?

ஏழாவது படம் தொடங்கியபோது இயக்குநர் நுமாதா இவரைத் தனியாக அழைத்தார். "தோகாஷிக்கு முன்ன மாதிரி தெம்பு இல்லய்யா. இந்தத் தடவை எங்கயாவது சொதப்பினான்னா, அடுத்த படத்துல முகரோன் நீதான்."

அன்றிலிருந்து குராமோச்சி, தோகாஷி எப்போது தடுமாறுவான் என்றே பார்த்துக்கொண்டிருந்தார். பாவிப்பயல் தடுமாறவே இல்லை.

கடைசிச் சண்டை வந்தது. ஒரு மாதம் உட்கார்ந்து கட்டிய பொம்மைத் துறைமுகம். இடித்தால் இடித்ததுதான், ஒரே டேக். ஆகஸ்ட் வெயில் போதாதென்று தலைக்கு மேல் விளக்குகள் வேறு.

"என்ன ஓய், இன்னிக்கு எங்க சாகப் போற?" என்றான் தோகாஷி, பார்லி டீயை உறிஞ்சியபடி.

"எங்க வேணா கொல்லு. மூச்சு வாங்காம கொல்லு, அது போதும்."

ஜிப்புகள் ஏறின. கேமரா ஓடியது. கிடங்குகள் நொறுங்கின. கட்டிப் புரண்டு எழுந்தபோது முகரோன் திடீரென்று கனத்தது. வெளியே பார்ப்பதற்காக உடையின் கழுத்தில் விட்டிருந்த ஓட்டை வழியே குராமோச்சி பார்த்தார். எதிர் ஓட்டையில் தோகாஷியின் கண் செருகியிருந்தது.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது! கையை விட்டால் போதும். கோடிக் குழந்தைகளின் முகரோன் குப்புற விழுவான், துறைமுகம் வீணாகும், தோகாஷியின் கதை முடிந்தது. பத்து வருடம் கேட்ட வரம் கைக்குள்ளேயே தொங்குகிறது.

ஆனால் அந்த ரப்பருக்குள் காற்று தீர்ந்தால் எப்படி இருக்கும் என்பது அந்த ஸ்டூடியோவில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். கத்தினாலும் வெளியே கேட்காது. கட் வந்தால்தான் ஜிப் திறப்பார்கள். அவன் விழுந்தாலும் கொஞ்ச நேரம் நடிப்பென்றே நினைப்பார்கள்; வில்லன் செத்தால்தான் உடனே கட் வரும்.

"சனியன் பிடிச்சவனே!" என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே அவனை இறுக்கி அணைத்தார். அவன் தள்ளுவதுபோலத் தாமே பின்வாங்கி, பாலத்தை முதுகால் உடைத்து மல்லாந்து விழுந்தார். முகரோன் அவர்மேல் சாய்ந்தது. இரண்டு முறை காலை உதறிவிட்டுச் செத்தார்.

"கட்!"

முதலில் முகரோனைத் திறந்தார்கள். தண்ணீர் தெளித்ததும் தோகாஷி விழித்தான். படம் முடிந்த களைப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"செத்த எதிரி மேலயே சாஞ்சான் பாரு, அதுய்யா நடிப்பு!" என்று நுமாதா குதித்தார்.

சாயங்காலம் குளியல் அறையில் தோகாஷி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை. "வெளிய சொல்லிடாதய்யா. ரெண்டு பொண்ணு இருக்கு எனக்கு."

"என்னத்தச் சொல்றது? முதுகைத் தேயி."

டிசம்பரில் படம் வந்தது. சுமார்தான், ஆனால் பொழுது போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. கடைசிச் சண்டையை மட்டும் எல்லோரும் புகழ்ந்தார்கள். அடுத்த படத்திலும் தோகாஷியே முகரோன் என்று முடிவாகிவிட்டது.

குராமோச்சி மனைவி ஃபுசாயேவோடு தியேட்டருக்குப் போனார். பாலம் உடைந்தது. "முகரோன்! முகரோன்!" என்று பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறிக் கத்தினார்கள். ஃபுசாயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, இந்த இடத்துல தோகாஷி என்னமா பண்ணியிருக்காரு! நீங்களும் இருக்கீங்களே, சும்மா தொபுக்குனு விழுறீங்க."

"ஆமா," என்றார் குராமோச்சி. "நல்லாத்தான் பண்ணியிருக்கான்."