உறை கழற்றாத மெத்தை

ஜெர்மனியில் ஏழு வயதுப் பிள்ளையைச் சந்திப்பதற்கும் டெர்மின் என்று நாளும் நேரமும் குறிக்கிறார்கள். ஒருநாள் தொலைபேசியில் வந்த பெண், என்னோடு அல்ல, என் மகள் ஆரணியோடு கதைக்க எந்தப் பின்னேரம் வசதி என்று கேட்டார். பெற்றவள் நான் என்ன, கதவைத் திறந்துவிடும் ஆளா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் பெயர் ஃப்றாவ் கெல்லர். நானும் கணவரும் பிரிந்து, பிள்ளை யாரோடு இருப்பது என்பது வழக்காகிவிட்டதால், பிள்ளையின் பக்கம் நின்று பேச நீதிமன்றம் நியமித்த ஆள். அந்த வேலைக்கு வெர்ஃபாரன்ஸ்பைஸ்டாண்ட் என்று பெயர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். ஊரில் என் சின்னம்மா பிரிந்தபோது மாமாமார் கூடி, தேத்தண்ணி குடித்து, ஒரே பின்னேரத்தில் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார்கள். அவவின் பிள்ளையை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இங்கே கேட்கிற கேள்விகளுக்கு ஒரு முடிவே இல்லை. பிள்ளை என்ன சாப்பிடுகிறது, யாரோடு விளையாடுகிறது, எங்கே படுக்கிறது?

அந்தக் கடைசிக் கேள்விதான் எனக்குச் சிக்கல். ஆரணி பிறந்த நாளிலிருந்து என் பக்கத்தில்தான் படுக்கிறாள். ஊன்ட்றொப் என்ற ஊரிலுள்ள அம்மன் கோயிலில், பழக்கமான சாந்தி அக்காவைக் கண்டபோது இதைச் சொன்னேன்.

"தாயோட படுக்குது எண்டு தெரிஞ்சால் எழுதிப் போடுவினம். பிறகு பிள்ளையை ஸ்ருட்காட்டுக்குத் தகப்பனிட்ட அனுப்பிப்போட்டு நீங்கள் அழுதுகொண்டு இருக்கவேணும். ஒரு கட்டில் வாங்கிப் போடுங்கோ," என்றா.

வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சுத்தியலால் தட்டினால் கீழ்வீட்டுக்காரர் மணியடித்துச் சண்டைக்கு வருவார் என்பதால் சனிக்கிழமை முழுக்க மினக்கெட்டு, துண்டு துண்டாக வந்த கட்டிலைப் பூட்டினேன். நட்சத்திரம் போட்ட விரிப்பும் விரித்தேன். மெத்தையின் பிளாஸ்டிக் உறையை மட்டும் கழற்றவில்லை. புதுச் சாமானின் உறையைக் கழற்ற எங்களுக்கு எப்போது மனம் வந்திருக்கிறது? எங்கள் வீட்டுக் கதிரைகளின் உறை தானாகக் கிழிந்துதான் போனது.

ஃப்றாவ் கெல்லர் வந்தார். நான் சுட்டு வைத்த றோல்ஸைத் தொடவில்லை. வேலையாக வந்த இடத்தில் சாப்பிடுவதில்லையாம். ஆரணியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் வீட்டில், என் முகத்துக்கு நேரே. குசினியில் நின்ற எனக்கு ஒன்றுதான் கேட்டது: அவர் கட்டிலில் அமர்ந்ததும் பிளாஸ்டிக் சரசரத்த சத்தம். பிறகு ஆரணியின் சிரிப்பு.

போகும்போது, "அந்தக் கட்டிலில் யார் படுக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"ஆரணி."

"உங்களோடு படுப்பதாக அவள் சொன்னாள். அதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகேன் இந்தக் கட்டிலை வாங்கிப் போட்டீர்கள்?"

அவர் தொடாத றோல்ஸை எடுத்து மூடி வைத்தேன். என் பொய் பிடிபட்டுவிட்டதால் பிள்ளை கையைவிட்டுப் போகப்போகிறது என்றே அன்றிலிருந்து நினைத்தேன். சாந்தி அக்காவின் அழைப்புகளை எடுக்கவில்லை.

விசாரணையன்று மேசையின் மறுமுனையில் அவர், ஆரணியின் அப்பா, இருந்தார். பிள்ளை தாயோடு இருக்கட்டும், ஒரு வாரம் விட்டு ஒரு வார இறுதி தகப்பனிடம் போகட்டும் என்று ஃப்றாவ் கெல்லர் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. ஃப்றாவ் கெல்லர் அதோடு நிறுத்தவில்லை. "இரண்டு வீட்டிலும் பிள்ளைக்கு ஒரு புதுக் கட்டில் இருக்கிறது. இரண்டு மெத்தையிலும் பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கிறது. பிள்ளை இரண்டு வீட்டிலும் பெற்றவர் பக்கத்தில்தான் தூங்குகிறாள்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆரணியின் அப்பாவும் பார்த்தார். பிரிந்த பிறகு முகம் பாராத எங்களுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அதோடு அழுகையும் வந்தது. இவ்வளவு ஒன்றுபோல் பயப்படத் தெரிந்தவர்களுக்கு ஒரு வீட்டில் இருக்க ஏலாமல் போய்விட்டதே.

அப்படியே தீர்ப்பாகி, முதல் வெள்ளிக்கிழமை அப்பா வந்து ஆரணியைக் கூட்டிப் போனார். வீடு வெறிச்சென்று கிடந்தது. அந்த ஆத்திரத்தில்தான் உறையைக் கிழித்தேன். ஞாயிறு திரும்பி வந்தவள் மெத்தையைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பான்ரையையும் கழட்டச் சொல்லட்டோ?"

"ஓம், சொல்லு," என்றேன்.

படுக்கப் போகும்போது தன் கரடிப் பொம்மையைப் புதுக் கட்டிலில் கிடத்திப் போர்த்திவிட்டு, என் பக்கத்தில் வந்து படுத்தாள். இன்னொரு கரடி வேண்டுமாம். அப்பா வீட்டுக் கட்டிலிலும் ஒருவரும் இல்லையாம்.