போல்ட்டின் மேல் மஞ்சள் கோடு

புது லாரி வந்த மூன்றாவது வாரம், ஷெட்டின் சிமெண்ட் தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எண்ணெய் சொட்டியிருந்தது. டிரைவர்தான் முதலில் பார்த்தார். குனிந்து, விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்து, "இஞ்சின் ஆயிலுங்கண்ணா" என்றார். நான் நம்பவில்லை. பழைய வண்டி வருஷக்கணக்காக நின்ற இடம் அது, அதன் கறைகளில் ஒன்றாக இருக்கும் என்றேன்.  அவர் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து இஞ்சினுக்கு அடியில் விரித்து வைத்தார். மறுநாள் காலை அட்டையிலும் அதே நாணயம் விழுந்திருந்தது.

எனக்கு இருப்பது ஒரே லாரி. சூலூர்ப் பக்கம் வீடு. ஆனைமலையிலிருந்து தென்னைநார்க் கட்டுகளை ஏற்றி வந்து இறக்குவது தொழில். டிரைவர் எட்டு வருஷமாக என்னோடு இருப்பவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இருந்தாலும் அவர் என்னை அண்ணா என்பார், நானும் அவரை அண்ணா என்பேன். எங்கள் பக்கம் இதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. அவர் கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போகாமல் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டார். வண்டியின் முன்பக்கம் என் மனைவி ஒட்டிய மாசாணியம்மன் படமும் அவர் தொங்கவிட்ட ஜெபமாலையும் ஒன்றாகவே ஊர் சுற்றின.

வாரண்டியில் இருக்கிற வண்டிதானே என்று சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அங்கேதான் முதல் கூத்து. புறப்படுவதற்கு முன் டிரைவர் வண்டியை மேலும் கீழும் தண்ணீர் அடித்துக் கழுவி, இஞ்சினின் அடிப்பாகத்தைத் துணியால் துடைத்து, மாப்பிள்ளை மாதிரி கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். வண்டிக்கு அடியில் இருந்த பள்ளத்தில் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்த சூப்பர்வைசர் கையை விரித்தார்.

"எண்ணெய்த் தடமே இல்லீங்களே. தடம் இருந்தாத்தானுங்க எங்கிருந்து வருதுன்னு தெரியும். ஒரு வாரம் ஓட்டிப்போட்டு, கழுவாம அப்படியே கொண்டாங்க. கசிஞ்சா மாத்திக் கொடுத்தர்றோம்."

திரும்பும் வழியில் டிரைவரைக் கடிந்துகொண்டேன். "டாக்டரப் பாக்கப் போனா குளிச்சுப்போட்டுத்தானுங்களே போறோம்" என்றார்.  மாட்டைச் சந்தைக்கு ஓட்டினாலும் குளிப்பாட்டித்தான் ஓட்டுவோம். அழுக்கோடு ஒன்றை அடுத்தவர் முன்னால் நிறுத்துவது எங்களுக்கு வராது.

ஒரு வாரம் பொறுத்திருக்க வேண்டும். நான் பொறுக்கவில்லை.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கை சும்மா இருக்காது. கிணற்று மோட்டார் நின்றுபோனால், மெக்கானிக்குக்கு போன் செய்வதற்கு முன்பே நாலு போல்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். என் அப்பா லேத் வைத்திருந்தவர். பம்ப் உதிரிகளைக் கடைந்து கொடுத்த கை அவருடையது. நான் ஒரு நாளும் அந்த வேலையைச் செய்ததில்லை, ஆனால் அந்தத் திமிர் மட்டும் எனக்கு வந்து சேர்ந்திருந்தது. வெளியாள் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிரைவர் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் வண்டியின் டூல்ஸ் பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். இஞ்சினுக்குக் கீழே எண்ணெய் நிற்கிற சட்டி ஒன்று உண்டு. சுற்றிலும் வரிசையாகப் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். போல்ட் லூசாகத்தான் இருக்கும், இதற்குப் போய் ஒரு வாரமா என்று ஒவ்வொன்றாக இறுக்கினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனதில் ஒரு போல்ட் திடீரென்று சும்மா சுற்றியது. மரை போய்விட்டது.  வீட்டில் கிடந்த, கசிவை அடைக்கிற கேஸ்கெட் பேஸ்ட்டை அதைச் சுற்றி அப்பிவிட்டு, ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, குளித்துச் சாப்பிட உட்கார்ந்தேன். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

நாலு நாள் அட்டை சுத்தமாக இருந்தது. ஐந்தாம் நாள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு எண்ணெய் நின்றது.

இந்த முறை வண்டியைக் கழுவாமல் கொண்டு போனோம். சூப்பர்வைசர் பள்ளத்தில் இறங்கிய வேகத்திலேயே எங்கள் இருவரையும் கூப்பிட்டார். தன்மையான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. டார்ச் வெளிச்சத்தில் ஒரு போல்ட்டைக் காட்டினார். அதன் தலையிலிருந்து சட்டியின் விளிம்பு வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் சின்னக் கோடு இருந்தது. தலையில் இருந்த கோடு ஒரு பக்கம், விளிம்பில் இருந்த கோடு இன்னொரு பக்கம்.

"கம்பெனியில இறுக்கினதுக்கு அடையாளமா இந்தக் கோடு போட்டு அனுப்புவாங்க. ரெண்டும் நேரா இருக்கோணும். இங்க பாருங்க, எல்லாமே வெலகியிருக்கு. இந்தப் பேஸ்ட்டும் எங்களுதில்ல. யாருங்க கை வெச்சது?"

அந்தக் கேள்விக்கு நான் பேசவில்லை. பேசாமல் இருந்ததோடு விட்டிருந்தாலும் பாதிப் பாவம்தான். நான் தலையைத் திருப்பி டிரைவரைப் பார்த்தேன். என் கண்ணைத் தொடர்ந்து சூப்பர்வைசரும் அவரைப் பார்த்தார்.

"நான் இல்லீங்க" என்றார் டிரைவர்.

சூப்பர்வைசர் என் பக்கம் சாய்ந்து, "டிரைவருங்கன்னா இப்படித்தானுங்க, நல்லது பண்றதா நெனச்சுச் செஞ்சுபோடுவாங்க" என்றார். நான் தலையாட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் தெரிந்தது.

கம்பெனிக்கு எழுதிக் கேட்டுப் பார்க்கிறோம், அதுவரை எண்ணெய் அளவு பார்த்து ஊற்றி ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று மாலை, வண்டியில் பார்த்ததை எழுதும் ஜாப் கார்டு போனில் வந்தது. 'வண்டி ஓட்டுநரால் வெளியில் வேலை செய்யப்பட்டுள்ளது' என்று ஒரு வரி. சர்வீஸ் சென்டரில் என் போன் எண்ணோடு டிரைவரின் எண்ணையும் கொடுத்திருந்தேன். அதனால் அந்த வரி அவர் போனுக்கும் போயிருந்தது.

மறுநாள் லோடு ஏற்றப் போகும்போது கிணத்துக்கடவைத் தாண்டியிருந்தோம். டிரைவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்த மெசேஜை எங்க ஊட்டுல படிச்சுப்போட்டாங்கண்ணா. பொண்ணு கேக்குது, ஏம்ப்பா அப்படிச் செஞ்சீங்கன்னு. நான் கை வெக்கலீங்க."

"நான் உங்களை ஒண்ணும் சொல்லலீங்களே" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று அப்போது மனசுக்குள் கணக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

விஷயம் சொந்தக்காரர்கள் வரைக்கும் போனது. டிரைவரை மாற்றிவிடு என்றார் என் மச்சான், வேறு ஆள் கைவசம் இருப்பதாகவும் சொன்னார். டிரைவருக்குப் பெயர்தான் முதல். வண்டியில் கை வைத்து வாரண்டியைக் கெடுத்தவர் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அடுத்த வண்டிக்காரர் சாவியைக் கொடுக்க மாட்டார். இது எனக்குத் தெரியாமல் இல்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் ஓட்டினேன்.

என் மனைவி மட்டும் நம்பவில்லை. "அந்த அண்ணன் செஞ்சிருந்தா செஞ்சேன்னு சொல்லியிருப்பார். எவனோ நம்ம மேல பொறாமையில செஞ்சிருக்கான். அம்மன்கிட்டச் சொல்லிப்போடலாம்" என்றாள்.

ஆனைமலை மாசாணியம்மனிடம் சொல்வது என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பொருள் களவு போனாலும் யாராவது வஞ்சகம் செய்தாலும் அங்கே போய் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். செய்தவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது நம்பிக்கை. நான் கும்பிடுகிறவன்தான், ஆனால் இதையெல்லாம் பாதி நம்பிப் பாதி சிரிக்கிற ஆள். அன்று சிரிப்பு வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் காரணம் கிடைக்கவில்லை. லோடும் அந்தப் பக்கம்தான். வெள்ளிக்கிழமை மூன்று பேருமாக லாரியிலேயே போனோம்.

கூட்டம் அதிகமில்லை. மனைவி ஒரு கை மிளகாய் அரைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். என்னை நானே எரிப்பதற்கு நானே அரைத்தேன். குழவி பிடித்த கை காந்தியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாயைத் திறக்காமல் அரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "அழாதீங்க கண்ணு, ஆத்தா கேப்பா" என்றார்.

டிரைவர் வழக்கமாக வண்டியோடு நின்றுவிடுவார், கோயிலுக்குள் வந்ததில்லை. அன்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, நானும் ஒரு கை அரைக்கலாங்களா? எங்க ஃபாதருக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவார். பரவாயில்லீங்க, நான் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கறேன். எம் பொண்ணுக்குத் தெரியோணும், நான் செய்யலைன்னு."

என் மனைவி நகர்ந்து இடம் விட்டாள். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். குழவிக்குக் கையை நீட்டினார். மழையோ வெயிலோ, எட்டு வருஷம் எனக்காக ஒரு ஞாயிறு பூசையை விட்டுக்கொடுக்காத மனிதர். என்னுடைய பொய்க்காக அவருடைய சாமியிடம் ஒரு பாவத்தை ஏற்றுக்கொள்ள வந்து உட்கார்ந்திருந்தார்.

நான் குழவியைக் கொடுக்கவில்லை. "அரைக்காதீங்கண்ணா" என்றேன். "நாந்தான் இறுக்கினேன். நீங்க பூசைக்குப் போயிருந்தப்ப."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு மிளகாய் தேவலாம். டிரைவர் நீட்டிய கையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப அன்னைக்கு அந்த ஆள் கேட்டப்ப, நீங்க எதுக்குங்க என்னையப் பாத்தீங்க?"

நான் கையிலிருந்த குழவியைக் கீழே வைத்தேன். 

அரைத்ததை வீணாக்கக் கூடாது என்று சொல்லி, அதை என் கையாலேயே கல்லில் பூச வைத்தாள் மனைவி. பிறகு லோடு ஏற்றினோம். வழியெல்லாம் விரல்கள் எரிந்தன.

மறுநாள் நானே சர்வீஸ் சென்டருக்குப் போய், இறுக்கியது நான் என்று சொன்னேன். சூப்பர்வைசர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "அந்த ஒரு வாரம் பொறுத்திருந்தீங்கன்னா சும்மாவே மாத்திக் கொடுத்திருப்போம். இப்ப அதுக்கு வாரண்டி கெடைக்காதுங்க" என்றார். சரிங்க என்றேன். ஆனால் ஜாப் கார்டில் அந்த வரியைத் திருத்த வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றேன். எழுதியதை மாற்ற வழியில்லை என்று முதலில் சொன்னார்கள். கடைசியில் புதுக் கார்டு போட்டார்கள். 'உரிமையாளரால் வெளியில் வேலை செய்யப்பட்டுள்ளது'. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டு போனுக்கும் போனது. சட்டியையும் போல்ட்டுகளையும் என் செலவில் மாற்றினார்கள். இப்போது அட்டையில் ஒரு சொட்டும் இல்லை.

மச்சானிடமும் நானே சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார், அதையும் வாங்கிக்கொண்டேன்.

டிரைவர் போகவில்லை. திங்கட்கிழமை எப்போதும்போல் வந்தார், எப்போதும்போல் அண்ணா என்றார். வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். பிறகு டூல்ஸ் பெட்டிக்கு, தான் வாங்கி வந்திருந்த சின்னப் பூட்டு ஒன்றைப் போட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, ஸ்பேனர் ஏதாச்சும் வேணும்னா கேளுங்க. எடுத்துத் தாரேன்."

அந்தப் பெட்டியில் பாதி ஸ்பேனர்கள் என் அப்பாவுடையவை.

"சரிங்க" என்றேன்.