தவணை காட்டிக்கொடுத்த வயது

தையற்கடை வைத்திருக்கும் அவள் தெருவில் உள்ள எல்லோருடைய இடுப்பளவையும் மனப்பாடமாகச் சொல்வாள். தன் வயதை மட்டும் கல்யாணப் பேச்சின்போதே ஐந்து குறைத்துச் சொல்லிவிட்டாள். அதைத் தோண்டியெடுக்க இருபது வருடமாக அலைந்த நாத்தனார், கடைசியில் ஆயுள் காப்பீட்டு ஏஜென்டாகவே ஆகிவிட்டாள்.

"பொறந்த தேதி சொல்லுங்க அண்ணி, ஃபாரத்துல எழுதணும்" என்று கடைக்கே வந்து உயிரை வாங்கினாள்.

தையற்காரி மசியவில்லை. பாலிசியில் பொய் வயது எழுதினால் பின்னால் பணம் வராது என்று அவளுக்குத் தெரியும். பஸ் ஏறிப் போய், அதே கம்பெனியின் வேறொரு ஏஜென்டிடம் உண்மையைச் சொல்லிப் பாலிசி எடுத்தாள். அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நாத்தனார் மறுபடி வந்து நின்றதும் எரிச்சலில் கொட்டிவிட்டாள்.

"உன் கம்பெனியிலேயே வேற ஆள்கிட்ட பத்து லட்சத்துக்குப் போட்டாச்சு. இருபது வருஷப் பாலிசி. வருஷத்துக்குப் பதினாறாயிரம் கட்டறேன். போதுமா?"

நாத்தனார் பையிலிருந்து கட்டண அட்டவணையை எடுத்து, வயது வரிசையில் விரலை மெல்லக் கீழே இறக்கினாள். பதினாறாயிரத்தில் விரல் நின்றது.

"நாப்பத்தேழு. அண்ணனைவிட மூணு வயசு மூத்தவங்களா நீங்க?"

தையற்காரி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

"நான் செத்தா பணம் உங்க அண்ணனுக்கு. என் வயசு உனக்கு. எடுத்துக்கிட்டுக் கிளம்பு."