ராஞ்சி என்றொரு பத்தி

வியாழக்கிழமை மாலை சொக்கலிங்கம் பழைய நோட்டைப் பார்த்துப் படித்தார். மகள் சங்கவி மடிக்கணினியில் அட்டவணையாக ஏற்றினாள். தமிழ், தெலுங்கு, வங்காளம், நிக்கோபாரி, ராஞ்சி என்று ஐந்து பத்திகள். கண், பல், வாய், மூன்று என்று நூற்றிருபது சொற்கள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. சனிக்கிழமை காலை குளியலறையில் விழுந்தவர் எழவில்லை.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, போர்ட் பிளேரில் மர ஆலைக் குமாஸ்தாவாக முப்பத்தோரு வருடம் இருந்தவர். தடிகளை அளந்து எழுதியது சம்பளத்துக்கு. சாப்பாட்டு நேரத்தில் ஆள் ஆளாகப் போய், "உங்க வீட்ல இதுக்கு என்ன சொல்வீங்க?" என்று ஹிந்தியில் கேட்டது தனக்காக. எந்தப் பாஷை எதற்குச் சொந்தம் என்று தெரியாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. தோமாஸ் என்ற ராஞ்சித் தொழிலாளி பல்லைப் 'பல்' என்றே சொன்ன நாளில், ஆலை முழுக்க நடந்து எல்லோரிடமும் சொன்னாராம். ஜார்க்கண்ட் பக்கமிருந்து வந்த எவரும் தீவில் ராஞ்சிதான்.

சங்கவி மின்துறைப் பொறியாளர். பழக்க தோஷத்தில், அந்த வியாழக்கிழமை ஏற்றும்போதே ராஞ்சிப் பத்தியைச் சொன்னவர் பெயர்வாரியாகப் பிரித்துப் பார்த்தாள். தோமாஸ் சொன்னதெல்லாம் தமிழோடு ஒட்டியது. ஆலையின் இன்னொரு ராஞ்சித் தொழிலாளி பவுலுஸ் சொன்னதில் ஒன்றுகூட ஒட்டவில்லை. இணையத்தில் தேடினாள்.

"அப்பா, இது ஒரே பாஷை இல்ல. தோமாஸ் அங்கிள் பேசினது குடுக். நமக்குச் சொந்தம். பவுலுஸ் அங்கிளோடது முண்டாரி. வேற குடும்பம். நிக்கோபாரிக்குத்தான் அது தூரத்து உறவு."

"ரெண்டு பேரும் ராஞ்சிதானேம்மா."

"அது ஊர் பேரு. நீங்க அதையே பாஷைக்கு வச்சிட்டீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார்.

"பத்துப் பேர் முன்னாடி பவுலுஸை நக்லின்னு சொன்னேன்மா. தோமாஸ் சொல்ற சொல் ஒண்ணும் இவனுக்கு வரல, சொந்தப் பாஷையை மறந்த போலின்னு. அதுக்கப்புறம் அவன் எங்கூட உக்காந்து சாப்பிடல. பதினோரு வருஷம்."

"மறந்திருப்பாருப்பா."

"நீ மறப்பியா?" பிறகு சிரித்தார். "பாரு, அவன் இந்தத் தீவுக்கே ஒறமொற. நாந்தான் இங்க விருந்தாளி. ஞாயித்துக்கிழமை போய் அவன்கிட்ட சொல்லிட்டு வரேன். அச்சா, அடுத்த சொல் போடு."

ஞாயிற்றுக்கிழமை பவுலுஸ்தான் துக்கம் கேட்க வந்தார். எதிர்க்கரை பாம்பூ ஃப்ளாட்டிலிருந்து முதல் படகில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலோரம் நின்றார். யாரோ நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. சங்கவி பார்த்தாள். வீடு நிறைய ஆட்கள். அவள் அவரை உள்ளே கூப்பிடவில்லை.

அதிலிருந்து அவளால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. பத்தியை இரண்டாகப் பிரித்தாள், தலைப்பு மாற்றினாள், மறுபடி சரிபார்த்தாள். தான் பிரித்துப் பார்க்காமல் இருந்திருந்தால் அவர் அந்த இரண்டு நாளாவது நிம்மதியாக இருந்திருப்பாரோ என்று தோன்றும். உடனே, தெரியாமலே போயிருந்தால் மட்டும் என்ன என்றும் தோன்றும்.

இரண்டு முறை, பாம்பூ ஃப்ளாட் படகு கிளம்பும் சாத்தம் ஜெட்டி வரை போனாள். படகு வந்தது, ஆட்கள் ஏறினார்கள், கிளம்பியது. மன்னிப்பை அப்பா எந்த வார்த்தையில் கேட்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் பேசியது போலி இல்லை என்று பவுலுஸிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.