ரம்ஜான் பீவியின் சிரப்பும் நாச்சியம்மாளின் போட்டோவும்

கோயமுத்தூர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். அடுத்தவர் உழைப்பைத் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட, "கொஞ்சம் நகர்ந்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தூக்குவார்கள். இந்த மரியாதையை உக்கடம் ரம்ஜான் பீவி அனுபவித்த அளவுக்கு வேறு யாரும் அனுபவித்திருக்க மாட்டார்கள்.

ரம்ஜான் பீவிக்கு நாற்பத்தேழு வயது. பூட்டு ரிப்பேர் செய்யும் கலீல் ரஹ்மானின் மனைவி. வீட்டில் எலுமிச்சை சிரப் போடுகிறார். பழம் வாங்கும்போதே சண்டை ஆரம்பித்துவிடும். ஒவ்வொன்றையும் நகத்தால் கீறி மோந்து பார்ப்பார்.

"ஏனுங்க, நீங்க கீறிப்போட்ட பழத்தை நான் யாருக்குங்க விக்கறது?" என்பார் கடைக்காரர்.

"மணமில்லாத பழத்தை யாருக்குமே விக்காதீங்க" என்று பதில் வரும்.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவுவார். உள்ளே இருக்கும் வெள்ளை ஒரு துளி வந்தாலும் கசக்கும். சீவிய தோலைச் சர்க்கரையோடு போட்டுக் கையால் கசக்கி, அரை நாள் மூடிவைத்தால், சர்க்கரை தோலின் எண்ணெயை இழுத்துக்கொண்டு ஈரமாகிவிடும். அதில் தண்ணீர் ஊற்றி ஒரே ஒரு கொதி. அடுப்பை அணைத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் சாறு. சாறு நெருப்பைப் பார்க்கவே கூடாது. கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு.

இதில் இரண்டு கரண்டி, ஊறிய சப்ஜா விதை, சோடா. அவ்வளவுதான் சர்பத். நோன்பு மாதத்தில் பாலில் காய்ச்சிய கடல்பாசி கெட்டியானதும், துண்டு போட்டு மேலே இதை ஊற்றுவார். சூடான ரவை கேக்கில் குச்சியால் குத்திக் குத்தி ஊற்றினால், கேக் குடித்துவிட்டு இன்னும் கேட்கும்.

இந்தக் கேக்கை எங்கேயோ ஒரு விசேஷத்தில் தின்றுவிட்டு வீடு தேடி வந்தவன் சபரீஷ். கருமத்தம்பட்டியில் தறிக்கூடம் வைத்திருக்கும் குடும்பம். சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிகளுக்கு நடுவே கஃபே திறந்திருந்தான். 'அக்கா'வுக்கு மூன்று 'ங்க' போட்டுப் பேசினான். வாரம் நாற்பது பாட்டில் வேண்டும் என்றான். ரம்ஜான் பீவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "பாட்டில்ல எம்பேரு இருக்கோணும்."

"அதுக்கென்னங்க்கா, போட்டுறலாங்க்கா."

இரண்டு மாதம் கழித்து கஃபேக்குப் போனபோதுதான் அங்கே ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தார். 'நாச்சியம்மாள் ஆத்தா தோட்டத்து எலுமிச்சை சிரப்.' பக்கத்தில் சபரீஷின் அம்மா நாச்சியம்மாளின் போட்டோ. தோட்டம் எந்தத் தோட்டமென்று யாருக்கும் தெரியாது. அவர்கள் வீட்டைச் சுற்றி இருப்பது அறுபது பவர்லூம். பெற்ற தாயை வீட்டில் 'மம்மி' என்று கூப்பிடுகிறவன், லேபிளில் மட்டும் ஆத்தாவாக்கியிருந்தான்.

"எம்பேரு எங்கே தம்பி?"

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ரம்ஜான் பீவின்னு போட்டா நோன்பு சீசன் அயிட்டம்னு நெனச்சுக்குவாங்க. பன்னெண்டு மாசமும் விக்கோணுமில்லீங்க?"

"அப்போ பழனியாத்தாள்னு பேரு வச்சவங்க பழனியில மட்டுந்தான் விப்பாங்களா?"

சபரீஷ் சிரித்தான். இந்த ஊரில் மாட்டிக்கொண்டவன் சிரிப்பான், மரியாதையாக. "ஞாயித்துக்கிழமை ஒரு நிகழ்ச்சி வச்சிருக்கோம்ங்க்கா. அதுல உங்க பேரை மேடையிலயே சொல்லீர்றேன். நீங்க சிரப் மட்டும் போட்டுக் கொண்டாந்துருங்க."

நம்பிப் போனார். அங்கே போன பிறகுதான் திட்டம் புரிந்தது. முன்னால் அடுப்பு, விளக்கு, கேமரா. அடுப்படியில் பட்டுச்சேலையோடு நாச்சியம்மாள். 'ஆத்தா கைப்பக்குவம்' நேரலை. ரம்ஜான் பீவிக்கோ பின்னால் இருந்த சமையலறையில், பாத்திரம் கொடுக்கும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம், ஒரு ஸ்டூல்.

நாச்சியம்மாள் பாவம், அவருக்கு வேறு கோபம். தறியில் ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடாக்கட்டை ஒன்று சுவரில் அலங்காரமாக மாட்டியிருந்தது; அதைக் காட்டி மகனைப் பிடித்துக்கொண்டார். "ஓடற தறிக்கு நாடா பத்தாம நான் அலையறேன். நீ இதை ஆணியடிச்சு மாட்டிவச்சிருக்கறயா?"

கஃபேயின் விளம்பர வேலையைப் பார்க்கும் மேக்னா அவரைச் சமாதானம் செய்தாள். "ஆன்ட்டி, நீங்க சும்மா கிண்டினாப் போதும்."

சும்மா கிண்டத் தெரிந்த பெண்பிள்ளை கொங்குநாட்டில் பிறந்திருக்கிறாளா? சர்க்கரை கொதிக்கிறது, கையில் கரண்டி இருக்கிறது. கச்சாயப் பலகாரத்துக்குப் பாகு காய்ச்சிய கை அது. நாச்சியம்மாள் இரண்டு எலுமிச்சையைக் கொதியிலேயே பிழிந்துவிட்டு, தட்டுத் தண்ணீரில் பாகைச் சொட்டி உருட்டிப் பார்க்க ஆரம்பித்தார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ரம்ஜான் பீவி, "அடுப்ப அணைக்கச் சொல்லு கண்ணு, அணைக்கச் சொல்லு" என்று மேக்னாவிடம் கெஞ்சினார். மேக்னா உதட்டில் விரலை வைத்தாள். நேரலை ஓடிக்கொண்டிருந்தது.

"உருண்டை வந்துருச்சு பாருங்க!" என்று நாச்சியம்மாள் பெருமையாகச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. அந்தப் பாகை ஐஸ் போட்ட சோடாவில் ஊற்றினார்கள். ஊற்றியதும் அடியில் போய்க் கல்லாக உட்கார்ந்தது. ஒரு பையன் ஸ்பூனைத் தூக்கினான். கிளாஸும் கூடவே எழுந்து வந்தது.

சபரீஷ் சமையலறைக்கு ஓடிவந்தான். "அக்கா, உங்க பாட்டில் நாலு குடுங்க்கா, அவசரம்!"

"எம்பேரைச் சொல்லுவியா?"

"சத்தியமா சொல்றேங்க்கா."

கொடுத்தார். சர்பத் கலந்து எல்லோருக்கும் போனது. முதல் வாய் குடித்ததும் அந்தக் கூட்டமே கொஞ்ச நேரம் போனை மறந்தது. சபரீஷ் மைக்கைப் பிடித்தான். சொன்னான். சத்தியத்தை மீறவில்லை. "எங்க ஆத்தாவுக்குக் கூடமாட ஒத்தாசையா இருக்கற ரம்ஜான் அக்காவுக்கும் ஒரு நன்றிங்க!"

ரம்ஜான் பீவி ஸ்டூலிலிருந்து எழுந்தார். நேராக முன்னால் வந்து, அவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி நாச்சியம்மாளிடம் நீட்டினார்.

"ஏனுங்கம்மா, நீங்களே சொல்லுங்க. இவங்க குடிக்கறது யாரு போட்டது?"

நாச்சியம்மாள் பொய் சொல்லிப் பழகாதவர். "எனக்கென்ன அம்மணி தெரியும்? நீ போட்டதுதான். நேத்து இவன் போன் பண்ணி வரச்சொன்னான், வந்து உக்காந்தேன். புளிப்புன்னாலே எனக்குப் பல்லுக் கூசும்."

உண்மை மைக்கில் சொல்லப்பட்டது. நூறு பேர் கேட்டார்கள். என்ன நடந்திருக்க வேண்டும்? நடந்தது இதுதான்: கூட்டம் 'ஆவ்' என்று உருகியது. எழுந்து நின்று கைதட்டியது. மேக்னா அந்தத் துண்டை மட்டும் வெட்டி, 'தன் புகழையே விட்டுக்கொடுக்கும் ஆத்தா' என்று தலைப்பு வைத்துப் போட்டாள். ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். கருத்துப் பெட்டி முழுக்கக் கும்பிடும் கைகள். சிரப் போட்டவள் பெயரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. உண்மையை மறைப்பதெல்லாம் பழைய காலம். இப்போது அதை அழகாகக் கத்தரித்து, பின்னால் இசை போட்டால் போதும்.

ரம்ஜான் பீவி அன்றே பாட்டில் கொடுப்பதை நிறுத்திவிட்டார். கஃபே நிற்கவில்லை. ஏதோ கம்பெனிச் சிரப்பைக் கேனில் வாங்கி அதே லேபிளை ஒட்டுகிறது. 'முன்னைவிட டேஸ்ட்' என்று ஐந்து நட்சத்திரம் விழுகிறது.

இப்போது அவர் வீட்டிலேயே விற்கிறார். லேபிளில் பெரிய எழுத்தில் அவர் பெயர். போன வாரம் சரவணம்பட்டியிலிருந்து ஓர் அம்மா காரில் வந்தார். கடல்பாசியில் ஊற்றிக் கொடுத்ததைச் சாப்பிட்டுக் கண்ணை மூடினார். மூன்று பாட்டில் எடுத்தார். பிறகு அன்பாகக் கேட்டார்:

"அப்படியே நாச்சியம்மாள் ஆத்தா சிரப் மாதிரியே இருக்குங்களே. அவங்ககிட்டக் கத்துக்கிட்டீங்களா?"

ரம்ஜான் பீவி அவர் கையிலிருந்த பாட்டில்களைத் திரும்ப வாங்கினார். ஒன்றை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குங்க? படிங்க."

"ரம்ஜான் பீவி எலுமிச்சை சிரப்..."

"கேக்கலீங்க. சத்தமாப் படிங்க."

அந்த அம்மா மறுபடி படித்தார். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரம்ஜான் பீவி அந்த பாட்டிலைக் கொடுத்துவிட்டு, இரண்டாவதை எடுத்து நீட்டினார்.

"இதையும் படிங்க."