கூண்டு அக்கா எந்தப் பக்கம்?

பேருந்தில் முன் இருக்கையில் இரண்டு பேர் சண்டை போட்டால் போதும், பின்னால் உட்கார்ந்திருக்கும் கூண்டு அக்காவின் உதடுகள் அசைய ஆரம்பித்துவிடும். "என் காலை மிதிச்சுட்டு என்னையே முறைக்கிறியா?" என்று ஒருவன் கத்தினால், ஒரு மூச்சு தள்ளி, அதே கோபத்தோடு, அக்கா அதை இன்னொரு மொழியில் முணுமுணுப்பார். மற்றவன் பதில் சொன்னால் அதையும். பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல நகர்ந்து உட்காருவார்கள். "பாவம், பார்க்க நல்லாத்தான் இருக்காங்க" என்று ஒரு அம்மாள் காதுபடவே சொன்னதுண்டு. அக்கா அதையும் மொழிபெயர்த்து முடித்துவிட்டுத்தான் கோபப்பட்டார்.

வேலை அப்படி. நாடாளுமன்றத்தில் அவைக்கு மேலே, சுவரோடு ஒட்டினாற்போல ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. கீழே உறுப்பினர் ஒரு மொழியில் பேசப் பேச, மேலே அக்கா அதை மறு மொழியில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். நிறுத்தி யோசிக்க நேரமில்லை. அக்காவின் உடம்பே அந்தக் கூண்டுக்காகப் பழகிவிட்டது. வளையல் போட மாட்டார், ஒலிவாங்கியில் கலகலக்கும். மொடமொடக்கும் துணி உடுத்த மாட்டார். வெந்நீர்தான் குடிப்பார். ஒரு காதில் மட்டும் காதொலிப்பான், மறு காது தன் குரலைத் தானே கேட்பதற்கு. அதனால் தலைமுடி ஒரு பக்கம் எப்போதும் அமுங்கியே கிடக்கும்.

அந்தக் கூண்டுக்கு ஒரு சட்டம் உண்டு. யார் பேசினாலும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'உறுப்பினர் வருந்துகிறார்' என்று சொன்னால் மேலதிகாரி காய்ச்சி எடுத்துவிடுவார். 'நான் வருந்துகிறேன்' என்றே வருந்தியாக வேண்டும். இப்படியாக அக்கா நிதியமைச்சராகி வரி போட்டிருக்கிறார். அடுத்த நிமிடம் எதிர்க்கட்சித் தலைவராகி அதே வரியைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறார். இரண்டிலும் ஒரே சம்பளம்.

கூண்டில் மாறி மாறிப் பேச அவருக்கு ஒரு ஜோடி உண்டு. தொண்டைக்காக நாள் முழுக்க மிட்டாய் சப்புவதால் அவருக்கு மிட்டாய்க்காரர் என்று பெயர். ஆள் மாறும்போதெல்லாம், "அக்கா, இப்ப நாம ஆதரவா, எதிர்ப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். மற்ற மசோதாக்களுக்கு இது வேடிக்கை. கருக்கலைப்பு மசோதா வரும் நாட்களில் மட்டும் அக்கா பதில் சொல்லாமல் இடத்தை விட்டு எழுந்துகொள்வார்.

அந்த மசோதாவின் கதையை அக்காவை விட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. அவரைவிடக் குழம்பிப்போனவரும் இருக்க முடியாது. பழைய சட்டம் ஒரே வரி: தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கருவைக் கலைக்கலாம். 'உயிர்' என்பதற்குப் பக்கத்தில் 'உடல்நலம்' என்பதையும் சேர்க்க வேண்டும் என்று முதன்முதலில் கேட்டவர், மருத்துவராக இருந்து உறுப்பினரான ஒரு கிழவர். கால்வாசி அவைகூட நிரம்பாத ஒரு பிற்பகலில் எழுந்து, தன் கையில் இறந்துபோன ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது அழுதுவிட்டார். கூண்டில் புதிதாகச் சேர்ந்திருந்த அக்காவும் அழுதுவிட்டார். "உறுப்பினர் அழலாம், நீ அழக்கூடாது" என்று மேலதிகாரி கூப்பிட்டுச் சொன்னார். அதற்குள் அவை கலைந்து தேர்தல் வந்தது. மசோதா காலாவதி.

இரண்டாம் முறை ஆளுங்கட்சியே கொண்டுவந்தது. எதிர்த்தரப்பில் ஒரு தடித்த உறுப்பினர் எழுந்து, மணி அடித்து அவை முடியும்வரை உட்காரவே இல்லை; வாக்கெடுப்புக்கு நேரமே இல்லாமல் போனது. பிறக்காத குழந்தைக்கு நாக்கு இல்லை, அதற்காக நான் பேசுகிறேன் என்று ஆரம்பித்தார். நடுவில் தன் அம்மா தன்னைக் கருவில் வைத்துக்கொண்டு பட்ட பாட்டைச் சொன்னார். அதைச் சொல்லும்போதும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதுதான் சங்கடம். அந்த மனிதர் நேரத்தை விழுங்குவதற்காகத்தான் பேசினார், ஆனால் அவருடைய அம்மாவைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை.

பிறகு ஆட்சி மாறியது. வந்தவர்கள் இருக்கிற ஒரு வரியையும் இறுக்கப் பார்த்தார்கள். அவர்கள் கட்சிப் பெண் உறுப்பினர்களே வெளிநடப்பு செய்ய, மசோதா குழுவுக்குப் போனது, போனது போனதுதான். நான்காம் முறை 'உடல்நலம்' திரும்பி வந்தது; வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்து, அவைத்தலைவரின் ஒற்றை வாக்கில் தோற்றது. ஐந்தாம் முறை, இந்த ஆண்டு, கூத்து உச்சத்துக்குப் போய்விட்டது. முன்பு கொண்டுவந்த கட்சி எதிர்க்கிறது, எதிர்த்த கட்சி கொண்டுவருகிறது! அன்றைக்கு எதிர்த்து முழங்கிய ஒருவர் இன்று அமைச்சர். "நான் எப்போதும் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்" என்று அவர் கூசாமல் சொன்னபோது, அக்காவின் வாயில் அந்த வாக்கியம் வரவே மாட்டேன் என்றது. அவர் என்ன சொல்லிவந்தார் என்பது அக்காவுக்கு அல்லவா தெரியும்? தன் வாயாலேயே சொன்னவர் அல்லவா! மிட்டாய்க்காரர் முழங்கையால் இடித்த பிறகுதான் வாக்கியம் வெளியே வந்தது.

மசோதா நிறைவேறியது. அந்த வாரமே தங்கை போன் செய்தாள்.

தங்கை கார் ஓட்டப் பழக்கித் தருபவள். அக்காவுக்கு நேர் எதிர். பகல் முழுக்க "கிளட்ச்சை விடாதீங்க! கண்ணாடியைப் பாருங்க! அது லாரி, உங்க மாமா இல்ல, ஒதுங்க மாட்டான்!" என்று கத்திக்கொண்டே இருப்பாள். தெருவே கேட்கும். அன்று மாலை பயிற்சி காரை ஒரு மைதானத்து ஓரமாக நிறுத்தி, அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கேட்கவே கேட்காத குரலில் சொன்னாள்:

"நாள் தள்ளிப்போயிருக்குக்கா."

"நாப்பத்து மூணு ஆகுது. நின்னு போயிருக்கும்டி."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நிக்கல. சோதனை பண்ணிப் பாத்துட்டேன்."

பெரியவன் கல்லூரியில் படிக்கிறான். சின்னவள் பிறந்தபோது தங்கைக்கு இரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு கண்டு, இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தாள். இனி வேண்டாம் என்று அப்போதே எச்சரித்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருந்தவர் அக்காதான்.

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அவரா? 'நீ என்ன சொல்றியோ அதான்'னு டீயை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டார். அவரை விடு. சட்டம் என்னக்கா சொல்லுது? நீதான் அங்கேயே உக்காந்திருக்கியே. பண்ணலாமா, கூடாதா?"

அக்கா வாயைத் திறந்தார். திறந்ததும் தங்குதடையில்லாமல் வந்தது. "ஒரு பெண்ணின் உடல்நலம் அவளுடைய உயிரிலிருந்து பிரிக்க முடியாதது" என்றார். மூச்சு வாங்கி, "ஆனால் வாயில்லாத ஜீவனுக்காக யார் பேசுவது?" என்றார். "குடும்பம் என்பது மருத்துவர்கள் கையெழுத்துப் போட்டுக் கலைக்கும் விஷயமல்ல" என்றார். "சட்டத்துக்குப் பயந்து கொல்லைப்புற வழியில் போய்ச் செத்தவர்களுக்கு இந்த அவை பதில் சொல்ல வேண்டும்" என்றார். ஒவ்வொன்றையும் முழு மனதோடு சொன்னார். ஒவ்வொன்றும் சொல்லும்போது உண்மையாகவே இருந்தது.

தங்கை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் காலடியில் இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தாள். நிற்கிற காருக்கு எதற்குப் பிரேக்கோ!

"அக்கா, நிறுத்து. இப்ப பேசினது யாரு?"

அக்கா யோசித்தார். முதலாவது அந்தக் கிழ மருத்துவர். இரண்டாவது அந்தத் தடித்தவர். மூன்றாவது... அமைச்சரேதான், ஆனால் அமைச்சராவதற்கு முன்னால். நான்காவது யாரென்றே நினைவில்லை. தோண்டித் தோண்டிப் பார்த்தார். எல்லாக் குரலும் இருந்தது, தன்னுடையது மட்டும் எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை.

"எனக்கே தெரியலடி" என்றார். அழுகை வந்தது. இந்தத் தடவை கண்டிக்க மேலதிகாரி இல்லை.

சரி, கருத்துதான் இல்லை, சட்டமாவது தெரிந்துகொள்ளலாம் என்று மறுநாள் கிளம்பினார். அங்கேயும் தலைசுற்றல்தான். சட்டப் பிரிவு அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நிறைவேறிடுச்சு மேடம். ஆனா அமலுக்கு வரல" என்றார்.

"அப்ப பழைய சட்டம்தானா?"

"பழைய வரியை எடுத்துட்டுப் புதுசா எழுதுற மசோதா இது. பழைய வரியை நீக்குற பிரிவு மட்டும் உடனே அமலுக்கு வந்துடுச்சு. புது வரியைச் சேர்க்குற பிரிவுக்கு அரசாங்கம் தேதி அறிவிக்கணும்."

"அப்ப இப்போதைக்கு என்ன சட்டம்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்காவை அப்போதுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார். "நல்ல கேள்வி" என்றார்.

நல்ல கேள்வியாம்! கூண்டுக்குத் திரும்பி மிட்டாய்க்காரரிடம் புலம்பினார். அவர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "அன்னிக்கு அந்தத் திருத்தத்தைச் சொன்னது நீங்கதானே அக்கா? 'பழைய வரியை நீக்கும் பிரிவு உடனடியாக அமலுக்கு வரும் என முன்மொழிகிறேன்'னு கணீர்னு சொன்னீங்க" என்றார். சொன்னது தானில்லை, யாரோ ஒரு உறுப்பினர். ஆனால் குரல் தன்னுடையது. தங்கையின் வழியில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டது போல நாள் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

மருத்துவமனைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். சிறிய அறை. மேசைக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி. சுவரோரம் நோயாளியோடு வருபவர்களுக்கு ஒரு முக்காலி. உள்ளே நுழைந்ததும் தங்கை தானாகப் போய் முக்காலியில் ஒடுங்கிக்கொண்டாள். தெருவே கேட்கக் கத்துகிறவள், கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார்.

மருத்துவர் இளம்பெண், தூக்கம் இல்லாத கண்கள். பழைய குறிப்புகளைப் புரட்டினார், இரத்த அழுத்தம் பார்த்தார், உதட்டைச் சுழித்தார். "இப்பவே கொஞ்சம் ஏறித்தான் இருக்கு. பெத்துக்கறதுனா மாசக்கணக்கா கண்காணிப்புல இருக்கணும். ஆபத்து இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். நிச்சயம் ஆபத்துன்னும் இப்ப சொல்ல முடியாது." மேசையிலிருந்த இரண்டு சுற்றறிக்கைகளை அக்கா பக்கம் தள்ளினார். "இது போன வாரம் வந்தது. இது நேத்து வந்தது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண். நாடாளுமன்றத்துல வேலைன்னு சொன்னீங்களே? உண்மையில அங்க என்னதாங்க நடந்தது?"

"எனக்குத் தெரியலம்மா" என்றார் அக்கா. அங்கே நடந்த அத்தனையையும் ஒரு வரி விடாமல் சொன்ன வாய் அது.

மருத்துவர் பெருமூச்சு விட்டார். "சரி. எந்தச் சட்டம்னு நான் எங்க பெரிய டாக்டர்கிட்ட பேசிக்கறேன். ரெண்டுல எதுக்கும் வழி தேடிப் பாக்கலாம். முதல்ல இவங்களுக்கு என்ன வேணும்? வெச்சுக்கணுமா, வேணாமா?" கேள்வி தங்கையைப் பற்றியது, பார்வை அக்காவின் மேல் இருந்தது.

"நீயே சொல்லுக்கா" என்றாள் தங்கை முக்காலியிலிருந்து.

அக்காவுக்கு இதைவிடச் சுலபமான வேலை இல்லை. இன்னொருவருக்காக 'நான்' என்று ஆரம்பிப்பதுதானே பிழைப்பு! ஆரம்பிக்க வாய் திறந்தது. "நான்..." என்றுகூட வந்துவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. கீழே யாராவது பேசினால்தானே மேலே சொல்ல முடியும்? தங்கை இத்தனை நாளும் சட்டம் என்ன என்று கேட்டாள், பண்ணலாமா கூடாதா என்று கேட்டாள். உனக்கு என்ன வேணும் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. புருஷன் கேட்கவில்லை, அவையில் ஐந்து முறை அடித்துக்கொண்டவர்கள் கேட்கவில்லை, கூடப் பிறந்தவளும் கேட்கவில்லை. அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, அவள் எதைச் சொன்னாலும் அந்த மருத்துவமனை நடை ஞாபகம் விடப்போவதில்லை.

அவர் எழுந்தார். தங்கையின் கையைப் பிடித்து எழுப்பி, அழைத்துவந்து, மருத்துவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தார். தான் போய் முக்காலியில் அமர்ந்தார். தங்கை தொண்டையைச் செருமினாள், நிறுத்தினாள், திரும்பிப் பார்த்தாள். மருத்துவரும் பழக்கதோஷத்தில் அக்காவைப் பார்த்து மறுபடி ஏதோ கேட்க வாயெடுத்தார். அக்கா கையை நீட்டித் தங்கையைக் காட்டினார்.