நூற்று நாற்பது தப்படி வெயில்

தவசி உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். மதுரையில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடமாக ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறார். அவசரப் பிரிவிலிருந்து ஸ்கேன் கட்டடத்துக்கு வெட்டவெளியில் நூற்று நாற்பது தப்படி. காலால் நடந்து எண்ணிய கணக்கு அது, எந்த ஆபீசரும் சொன்னதில்லை.

சித்திரை வெயில் படுத்திருப்பவரின் முகத்தில் நேராக இறங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐயோ பாவம் என்று ஒரு நோயாளியின் முகத்தில் தன் துண்டைப் போட்டார். அவ்வளவுதான்! பின்னால் வந்த மனைவி, புருஷன் போய்விட்டார் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்துவிட்டாள். உறவுக்காரர்கள் தவசியை அடிக்காத குறை. அன்றிலிருந்து ஒரு கையில் குடை, மறு கையில் ஸ்ட்ரெச்சர். தோள்பட்டை போனதுதான் மிச்சம்.

அந்த வெளிக்கு ஒரு தகரக் கூரை. மனுஷன் கேட்டது அது ஒன்றுதான். கேட்கும்போதெல்லாம் ஒரே பதில். "புது பில்டிங் வரப்போகுது தவசி, எல்லாம் ஒண்ணுக்குள்ளயே வந்துரும். இப்பப் போயி தகரம் எதுக்கு?" இரண்டு முறை பெரிய திட்டம் போட்டார்கள். இரண்டு வரைபடமும் சுவரில் தொங்கியே பழுப்பேறின. வரப்போகிற கட்டடத்தைக் காட்டி, இருக்கிற மனிதரை வெயிலில் போட்ட கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

அவர் ஓய்வு பெறப் பத்து நாள் இருந்தபோது, மூன்றாவது திட்டத்துக்கு அளக்க வந்தார் இன்ஜினியர் வர்ஷினி.

"ஸ்கேனுக்குக் கொண்டுபோக எம்புட்டு நேரம் ஆகும்ணே?"

"சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதும்மா. ஏறிப் படுங்க, கூட்டிட்டுப் போறேன்."

சலிப்பில் சொன்னது. வர்ஷினி படுத்தேவிட்டார். தவசி குடையில்லாமல் தள்ளினார். இருபது தப்படிகூட ஆகவில்லை, வெயில் தாங்காமல் வர்ஷினி கையிலிருந்த வரைபடத்தை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வேப்பமரத்தடியில் சோறு தின்றுகொண்டிருந்த பெண்கள் கையை உதறிவிட்டு எழுந்தார்கள்.

"ஆத்தாடி, சின்ன வயசுப் புள்ளையா இருக்கே!" என்று ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள்.

வர்ஷினி பதறி எழுந்து உட்கார்ந்தார்.

"உசுரோடதான் இருக்காக, நீங்க சாப்பிடுங்க தாயி" என்றார் தவசி. அவருக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

"கண்டிப்பா கூரை போட்டுருவோம்ணே" என்றார் வர்ஷினி. தவசியின் வெட்கங்கெட்ட மனசு மறுபடியும் நம்பியது.

கடைசி நாள் மத்தியானம், மாலையும் கழுத்துமாக நின்ற தவசியைத் தேடி வர்ஷினியே வந்தார்.

"கூரை பிளான்ல ஏறிருச்சுண்ணே."

"எப்பம்மா போடுவாக?"

"ரெண்டாவது கட்டத்துல. எட்டு வருஷம் ஆகும்."

தவசி கோபப்படவில்லை. அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. கம்பி இரண்டு வளைந்த தன் குடையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"எட்டு வருசத்துக்கு இது தாங்காதும்மா. வருசத்துக்கு ஒண்ணுன்னு எட்டுக் குடையும் அந்தப் பிளான்லயே எழுதிருங்க."

கிண்டல் என்று நினைத்து நிமிர்ந்த வர்ஷினி, அவர் முகத்தைப் பார்த்ததும் பேனாவை எடுத்தார்.